அலியும் டைசனும் மோதியிருந்தால்: காலம் கடந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டைகளைக் கணிக்கும் முறை

திருவாரூரில் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள அவருடைய வீட்டில், 1980-இல் சென்னைக்குப் போய் நேரு விளையாட்டரங்கில் முகமது அலியை நேரில் பார்த்துவிட்டு வந்த சின்னத் தாத்தா இருக்கிறார். மைக் டைசன் கொடிகட்டிப் பறந்த ஆண்டுகளில் இளைஞராக இருந்த அப்பா இருக்கிறார். ஒலெக்சாண்டர் உசிக்கின் ஆட்டங்களைப் பின்னிரவில் விழித்திருந்து பார்க்கும் இவரும் இருக்கிறார். அலியும் டைசனும் தத்தம் உச்சத்தில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்பது முதல் கேள்வி. ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ போன்ற பழைய சாம்பியன்கள் இன்றைய ஆறரை அடி ஹெவிவெயிட் (மிகக் கனத்த எடைப்பிரிவு) வீரர்களிடம் தாக்குப்பிடிப்பார்களா என்பது இரண்டாவது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலி வெல்வார்; ஆனால் முதல் நான்கு சுற்றுகளில் தன் வாழ்நாளிலேயே மிக ஆபத்தான நிமிடங்களை அவர் கடந்தாக வேண்டும். லூயிஸ் இன்றைக்கும் உலகப் பட்டத்துக்கு உரியவராகவே இருப்பார். மார்சியானோவை இன்றைய ஹெவிவெயிட்டில் நான் இறக்கமாட்டேன். ஒரு படி கீழே, குரூசர்வெயிட்டில் இறக்குவேன். இந்த முடிவுகளுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தேன் என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இத்தகைய விவாதங்கள் பெரும்பாலும் "யார் பெரியவர்" என்ற இடத்திலேயே முட்டி நின்றுவிடுகின்றன. ஒருவருடைய பெருமை அவர் தம் காலத்தில் யாரை எல்லாம் வென்றார், எத்தனை ஆண்டுகள் நிலைத்தார் என்பதைப் பொறுத்தது. கற்பனைச் சண்டையின் முடிவோ, குறிப்பிட்ட ஓர் இரவில், குறிப்பிட்ட விதிகளின்கீழ், இந்த இருவரில் எவருடைய ஆட்டம் மற்றவருடைய ஆட்டத்தைக் குலைக்கும் என்பதைப் பொறுத்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்த வீட்டிலும் சண்டை தீராது.

இந்த ஆசை புதியதன்று. கணினியைக் கொண்டு இதைத் தீர்த்துவிடலாம் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் முயன்றார். மயாமியைச் சேர்ந்த மர்ரி வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், 1967-இல் பதினாறு ஹெவிவெயிட் வீரர்களின் திறன்களை எண்களாக்கி, என்.சி.ஆர். 315 என்ற கணினிக்குக் கொடுத்து, அது தந்த முடிவுகளை நேரடி வர்ணனை போல வானொலியில் ஒலிபரப்பினார். அந்தப் போட்டியில் மார்சியானோ இறுதியில் ஜாக் டெம்ப்சியை வென்றார். அலியோ, 1899-இல் பட்டம் வென்ற ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. தன் பெயருக்குக் களங்கம் வந்துவிட்டது என்று அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கு சமரசமாகி, அதன் தொடர்ச்சியாகத்தான் அலியும் மார்சியானோவும் 1969-இல் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் நேருக்கு நேர் நின்றார்கள். அலி அப்போது வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் களமிறங்கத் தடைவிதிக்கப்பட்டிருந்தவர். மார்சியானோ 1956-இல் ஓய்வுபெற்று, இந்தப் படத்துக்காகவே உடம்பை இளைக்கவைத்து, தலையில் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தவர். ஒவ்வொன்றும் ஒரு நிமிடமாகப் பல சுற்றுகள் நடிக்கப்பட்டு, பல முடிவுகள் படமாக்கப்பட்டன. படம் 1970 ஜனவரியில் திரையரங்குகளில் ஓடியபோது அமெரிக்க ரசிகர்கள் மார்சியானோ பதின்மூன்றாம் சுற்றில் அலியை வீழ்த்துவதைப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் காட்டப்பட்ட பதிப்பில் அலி வென்றார். மார்சியானோ இதில் எதையும் பார்க்கவில்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், 1969 ஆகஸ்ட் 31 அன்று, விமான விபத்தில் இறந்துபோனார்.

அந்தக் கணினி தவறியது அது பழைய கணினி என்பதால் மட்டும் இல்லை. வேகம், வலிமை, தாங்கும் திறன் என்று ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் முறையிலேயே பிழை இருக்கிறது. குத்துச்சண்டையில் அ என்பவர் ஆ என்பவரையும், ஆ என்பவர் இ என்பவரையும் வென்றால், அ என்பவர் இ என்பவரை வெல்வார் என்பது பொருந்தாது. 1971 மார்ச் 8 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோ ஃபிரேசியர் அலியைப் பதினைந்து சுற்றுகளில் வென்றார். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் அதே ஃபிரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை கீழே தள்ளினார். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலி அந்த ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். கென் நார்ட்டனைச் சேர்த்தால் வட்டம் இன்னும் இறுகுகிறது: 1973-இல் அலியின் தாடையை உடைத்து வென்ற நார்ட்டனை ஃபோர்மன் அடுத்த ஆண்டில் இரண்டே சுற்றில் முடித்தார். மதிப்பெண் பட்டியலை எந்த வரிசையில் எழுதினாலும் இந்த முடிவுகள் அதில் அடங்கமாட்டா. குனிந்து முன்னேறி வருகிறவர்களுக்கு ஃபோர்மனின் அப்பர்கட் (கீழிருந்து மேலே ஏறும் குத்து) எமன். கயிற்றில் சாய்ந்து நின்று எதிராளியைக் களைப்பேற்றும் அலிக்கு எதிராக அதே ஃபோர்மனின் வலிமை அவருக்கே பாரமாயிற்று. ஆகவே கணிப்பு என்பது இந்த உறவுகளைப் படிக்கும் வேலை.

அதற்கு முன் "எந்த இரவு" என்று முடிவுசெய்ய வேண்டும். மாணவரின் சின்னத் தாத்தா சென்னையில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் பார்த்த அலிக்கு வயது 38. அதே ஆண்டு அக்டோபரில் லாஸ் வேகஸில் லாரி ஹோம்ஸ் அவரைப் பத்துச் சுற்று முழுக்க அடித்து, அலியின் மூலையில் இருந்த பயிற்சியாளர்களே சண்டையை நிறுத்தும் நிலை வந்தது. பெரியவர் அந்த மாலையை இன்றைக்கும் நினைத்து மகிழ்வது எனக்குப் புரிகிறது. ஆனால் டைசனுக்கு எதிரே நிறுத்த வேண்டிய அலி அவர் அல்லர். 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் முடித்த 24 வயது அலியை நான் எடுத்துக்கொள்கிறேன். தடைக்குப் பின் 1970-இல் திரும்பி வந்த அலி அறிவாலும் நெஞ்சுரத்தாலும் மேலும் பெரியவரானார், ஆனால் அந்தக் கால்கள் திரும்பவில்லை. டைசனுக்கு 1988 ஜூன் 27. அதுவரை தோல்வியே காணாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடிகளில் வீழ்த்திய இரவு. அன்று டைசனுக்கு 22 வயது நிறைய மூன்று நாள் பாக்கி. கெவின் ரூனியின் பயிற்சியில் அவர் ஆடிய கடைசிச் சண்டையும் அதுவே. ரூனி போன பிறகு தலையசைவு குறைந்து, ஒற்றைக் குத்தை நம்பும் டைசன்தான் மிஞ்சினார்.

அடுத்து விதிகள். ஜாக் ஜான்சன், டெம்ப்சி காலத்துக் கையுறை ஐந்தாறு அவுன்ஸ்தான். லூயிஸுக்கு ஆறு, அலிக்கு எட்டு, இன்றைய ஹெவிவெயிட்டுக்குப் பத்து. 1982-இல் தென்கொரிய வீரர் கிம் டுக் கூ சண்டையில் பட்ட அடியால் இறந்த பிறகு, பதினைந்து சுற்றுப் பட்டப் போட்டிகள் படிப்படியாகப் பன்னிரண்டுக்குக் குறைந்தன. 1919-இல் டெம்ப்சி ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை தள்ளியபோது, விழுந்தவர் எழும் வரை தலைமாட்டிலேயே நின்று, எழுந்ததும் அடிக்க விதி இடம் கொடுத்தது. வீழ்த்தியவர் நடுநிலை மூலைக்குப் போன பிறகே எண்ணிக்கை தொடங்கும் என்ற விதி வந்ததும், டெம்ப்சி அதைச் சட்டென்று கடைப்பிடிக்காததால் 1927-இல் சிகாகோவில் ஜீன் டன்னிக்கு எழுந்திருக்கக் கூடுதல் நொடிகள் கிடைத்தன. வெட்டுக்காயத்துக்கு மருத்துவரை அழைத்து நிறுத்தும் வழக்கமும் பழைய காலத்தில் இந்த அளவுக்கு இல்லை. 1954 செப்டம்பரில் எஸ்ஸார்ட் சார்லஸுடன் நடந்த இரண்டாவது சண்டையில் மார்சியானோவின் மூக்கு நுனி பிளந்து இரத்தம் ஒழுகியது. எட்டாம் சுற்றில் சார்லஸை வீழ்த்தி அவர் தப்பினார். இன்றைய மருத்துவர் ஒருவர் அந்த மூக்கைப் பார்த்திருந்தால் மார்சியானோவின் 49 சண்டையில் 49 வெற்றி என்ற கணக்கு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் இதை நெல்லைக் கொண்டு விளக்கினால் உடனே புரியும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஆடுதுறைக் குட்டை ரகத்துக்கு இடுவதுபோல யூரியாவை அள்ளி இட்டால் பயிர் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். குட்டை ரகத்தை உரமில்லாத பள்ளக்காலில் நட்டு மழைநீர் தேங்கவிட்டால் அதுவும் அழுகும். எந்த ரகம் மேல் என்று கேட்பதற்கு முன் எந்த வயல், எந்தப் பட்டம் என்று கேட்பது டெல்டா விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அலி, டைசன் சண்டையை நான் எட்டு அவுன்ஸ் கையுறையுடன், பதினைந்து சுற்றாக, 1960-களின் நடுவர் வழக்கப்படி வைக்கிறேன். முடிவில் அதைப் பன்னிரண்டாகக் குறைத்தும் பார்க்கிறேன்.

அலியின் உயரம் ஆறடி மூன்று அங்குலம், கைவீச்சு 78 அங்குலம், எடை அன்று சுமார் 212 பவுண்டு. டைசனின் உயரம் ஐந்தடி பத்து அங்குலம், கைவீச்சு 71, எடை 218. இந்த ஏழு அங்குல வேறுபாட்டைக் கடந்து உள்ளே வருவதற்காகவே டைசனின் ஆட்டம் முழுவதும் கட்டப்பட்டது. கஸ் டமாட்டோ கற்பித்த அந்த முறையில், இரு கையுறைகளும் கன்னத்தோடு ஒட்டியிருக்கும், தலை ஒருநொடியும் ஓரிடத்தில் நிற்காது, ஜாபுக்கு (முன்னால் இருக்கும் கையால் நேராக நீட்டும் குத்து) அடியில் புகுந்ததும் வலக்கை விலாவில் இறங்கி அதே கை மறுகணம் தாடைக்கு அப்பர்கட்டாக ஏறும். அவ்வளவு கனத்த உடம்பில் அவ்வளவு வேகமான கைகளை ஹெவிவெயிட் அதற்கு முன் கண்டதில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

அலியின் பலவீனமும் இங்கேதான் வருகிறது. அவர் கைகளைத் தொடைப் பக்கம் தொங்கவிட்டு, குத்து வரும்போது தலையைப் பின்னால் இழுத்துத் தப்பிப்பார். பள்ளிக்கூட முறைப்படி இது தவறு, அவருடைய கண்ணும் காலும் அந்தத் தவறைப் பெரும்பாலும் மூடிமறைத்தன. மறைக்காத நேரங்களில் அவரைக் கீழே தள்ளியது பெரும்பாலும் இடக்கை ஹூக்தான் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து): 1962-இல் சோனி பேங்க்ஸ், 1963-இல் லண்டனில் ஹென்றி கூப்பர், 1971-இல் பதினைந்தாம் சுற்றில் ஃபிரேசியர். டைசனின் இடக்கை ஹூக் இந்த மூவரில் எவருடையதைக் காட்டிலும் கனமானது என்றோ, ஃபிரேசியருடையதற்கு இணையானது என்றோ சொல்லலாம். வேகத்தில் அது எல்லோரையும் மிஞ்சியது. முதல் சுற்றிலேயே அலி ஒருமுறை கீழே விழுந்தாலும் எனக்கு வியப்பில்லை.

அப்படியானால் அலி எப்படி வெல்கிறார்? பலரும் கால்களைச் சொல்வார்கள், அது பாதிதான். 1966-இன் அலி வளையத்தைச் சுற்றி இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே ஜாபை இரண்டிரண்டாக எறிவார், எதிராளி நின்று குறிபார்க்கவே முடியாது. இருந்தாலும் டைசன் உள்ளே வந்துவிடுவார், எவரிடமும் வந்தவர்தான். உள்ளே வந்த பிறகு நடப்பதே சண்டையைத் தீர்மானிக்கும், அங்கே டைசனின் வரலாறு நமக்குத் தெளிவான சாட்சி சொல்கிறது. 1987 மார்ச்சில் ஜேம்ஸ் ஸ்மித் என்ற பெரிய உடம்புக்காரர் வெல்லும் எண்ணத்தையே விட்டுவிட்டு, பன்னிரண்டு சுற்றும் டைசனைக் கட்டிப்பிடித்தே கழித்தார். சலிப்பூட்டிய சண்டைதான், கணிப்பவருக்கு ஆனால் அதைவிட முக்கியமான பதிவு வேறில்லை. பிடிக்குள் சிக்கிய டைசன் கையை விடுவித்து அடிக்கவில்லை, நடுவர் வந்து பிரிக்கும் வரை காத்திருந்தார். அதே ஆண்டில் டோனி டக்கரும் பிடித்தும் நகர்ந்தும் பன்னிரண்டு சுற்று நின்றார். உயரமான ஒருவர் ஜாபும் வலக்கையும் அடித்துவிட்டு உடனே பிடித்துக்கொண்டால் டைசனிடம் அடுத்த திட்டம் இல்லை என்பதை 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் உலகுக்கே காட்டினார். அன்றைய டைசன் 1988-இன் டைசன் அல்லர் என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் நான் ஸ்மித்தையும் டக்கரையும் முன்வைக்கிறேன், அவர்கள் எதிர்கொண்டது உச்சத்தில் இருந்த டைசனை.

பிடிப்பதில் அலி மன்னர். எதிராளியின் பிடரியில் இடக்கையைப் போட்டுத் தலையைக் கீழே அழுத்தி, தன் எடையை முழுதும் அவர் கழுத்தில் ஏற்றிவிடுவார். 1974-இல் ஃபிரேசியருடன் நடந்த இரண்டாம் சண்டை அதற்குப் பாடநூல். கண்டிப்பான நடுவர் இதைத் தடுக்கலாம், பல நடுவர்கள் தடுக்கவில்லை. ஐந்தடி பத்து அங்குலக்காரர் ஒருவர் ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து தடவை இப்படிக் கழுத்தைக் கொடுத்தால், ஆறாம் சுற்றுக்குள் தலையசைவு மெதுவாகும். தலையசைவு மெதுவானால் அலியின் ஜாப் தவறாது.

பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருப்பது இதைத்தான்: முன்னேறி ஆடுகிறவனுக்கு ஒவ்வோர் அடியும் செலவு, அந்தச் செலவுக்கு எதிராளி விழ வேண்டும், விழாவிட்டால் மூச்சு முதலில் அவனுக்குத்தான் முட்டும். டைசன் வென்ற சண்டைகளில் பெரும்பாலானவை ஐந்தாறு சுற்றுக்குள் முடிந்தவை. நீண்ட சண்டைகளில் பிற்பாதியில் அவர் குத்துகளின் எண்ணிக்கை குறைந்து, கூட்டுக் குத்துகள் ஒற்றைக் குத்துகளாகச் சுருங்கின. அலி விழுந்து எழுந்தவர், தாடை உடைந்தும் நின்றவர், 1975-இல் மனிலாவில் ஃபிரேசியருக்கு எதிராகச் சாவின் விளிம்புவரை போய்வந்ததாக அவரே சொன்ன பதினான்கு சுற்றுகளை ஆடியவர். டைசனோ பின்தங்கிய சண்டை ஒன்றைப் பிற்பாதியில் திருப்பிய வரலாறு இல்லாதவர்; டோக்கியோவில் எட்டாம் சுற்று முடிவில் டக்ளஸைக் கீழே தள்ளியும் ஒன்பதாம் சுற்றில் அவரால் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை.

ஆகவே என் கணிப்பு: நான்காம் சுற்றுக்குள் டைசன் முடித்தால் முடித்தது, அது நடக்கக்கூடியதே, பத்து முறை இந்தச் சண்டை நடந்தால் மூன்று முறை நடக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற ஏழில் அலி பத்தாம் சுற்றுக்குப் பிறகு நிறுத்துவார், அல்லது புள்ளிகளில் வெல்வார். பன்னிரண்டு சுற்றாகக் குறைத்தாலும் முடிவு மாறாது, இடைவெளிதான் குறையும். அப்பாவிடம் இதைச் சொல்லும்போது முதல் நான்கு சுற்றைப் பற்றி நான் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர் பக்கத்தில் உள்ள நியாயம் சிறியதன்று.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இன்றைய வீரர்கள் பெரியவர்கள், விஞ்ஞான முறைப்படி பயிற்சி பெற்றவர்கள், ஆகவே பழையவர்களை எளிதில் வெல்வார்கள் என்று இளைஞர்கள் சொல்வதற்கு ஓட்டப்பந்தயமும் நீச்சலும் துணைநிற்கின்றன; அங்கே கடிகாரம் ஐயத்துக்கு இடம் கொடுப்பதில்லை. குத்துச்சண்டையில் கடிகாரம் இல்லை, ஆனால் அதற்கு ஈடான ஒன்று உண்டு: இரண்டு காலத்துக்கும் பாலமாக நின்ற மனிதர்கள். ஆர்ச்சி மூர் 1955-இல் மார்சியானோவுடனும், 1962-இல் இருபது வயது அலியுடனும் ஆடினார். ஹோம்ஸ் 1992-இல், 42 வயதில், ஒலிம்பிக் தங்கம் வென்ற ரே மெர்சரைப் புள்ளிகளில் வென்றுவிட்டு, அடுத்து எவாண்டர் ஹோலிஃபீல்டுடன் பன்னிரண்டு சுற்று ஆடினார். எல்லாவற்றுக்கும் மேலே ஃபோர்மன்: 1974-இல் அலியிடம் தோற்றவர், 1977 முதல் பத்தாண்டு ஒதுங்கியிருந்துவிட்டு 1987-இல் திரும்பி, 1991-இல் உச்சத்தில் இருந்த ஹோலிஃபீல்டுடன் கடைசிச் சுற்றுவரை நின்று, 1994 நவம்பரில் 45 வயதில் மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். 1970-களின் ஆட்டம் பின்தங்கிய ஆட்டமாக இருந்திருந்தால், அதன் மிச்சம் மட்டும் கையில் இருந்த ஒரு நாற்பத்தைந்து வயதுக்காரரால் இதைச் செய்திருக்க முடியாது.

உடம்பின் அளவு என்பது உண்மையான தடைதான், அதை மறுப்பவர்கள் காட்டும் பழைய சாட்சிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. டெம்ப்சி வில்லார்டை நொறுக்கினார், லூயிஸ் 1935-இல் ஆறரை அடியை நெருங்கிய பிரைமோ கார்னெராவை ஆறாம் சுற்றில் முடித்தார் என்பார்கள். வில்லார்டும் கார்னெராவும் பெரிய உடம்புக்காரர்கள், அவ்வளவே. லெனாக்ஸ் லூயிஸும் விளாடிமிர் கிளிச்கோவும் டைசன் ஃபியூரியும் அந்த உயரத்தை ஆயுதமாக ஆக்கத் தெரிந்தவர்கள். நல்ல சாட்சி வேண்டுமானால் அண்மைக்கு வர வேண்டும். 2019 ஜூனில் ஆறடி இரண்டு அங்குல ஆண்டி ரூயிஸ், ஆறடி ஆறு அங்குல ஆன்டனி ஜோஷுவாவை ஏழாம் சுற்றில் நிறுத்தினார். மாணவரின் அபிமான வீரர் உசிக் 2024-இல் ஆறடி ஒன்பது அங்குல ஃபியூரியை ரியாத்தில் இருமுறை வென்றார். இரண்டாம் முறை ஃபியூரி அவரைவிட ஐம்பது பவுண்டுக்கும் மேல் கனமாக இருந்தார். உசிக்கின் உயரம் ஆறடி மூன்று அங்குலம், கைவீச்சு 78: அலியின் அளவே. உசிக் இடக்கை நிலையில் நிற்பவர், அலி வலக்கை நிலையில் நிற்பவர். அந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், கால் நகர்வும் ஓயாத ஜாபும் உள்ள 78 அங்குலக் கை, 85 அங்குலக் கையை வெல்லும் என்பது கற்பனையாக இருந்த நிலை மாறிவிட்டது. ஃபியூரிக்கு எதிரே 1966-இன் அலியை நான் தயக்கமில்லாமல் தேர்ந்தெடுப்பேன்.

ஜோ லூயிஸ் வேறு வகை. அவர் கால்கள் வேகமானவை அல்ல. நகர்ந்துகொண்டே இருப்பவர் அவரைத் திணறடிக்கலாம் என்பதை 1941-இல் அவரைவிட இருபத்தைந்து பவுண்டுக்கும் மேல் எடை குறைந்த பில்லி கான் பன்னிரண்டு சுற்று காட்டினார், பதின்மூன்றாம் சுற்றில் வெல்லும் ஆசையில் நின்று அடிக்கப்போய் விழுந்தார். ஆனால் அடிதூரத்துக்குள் லூயிஸைப் போல முழுமையான ஆட்டக்காரர் எந்தக் காலத்திலும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அரையடி தூரத்தில் இருந்து கிளம்பும் குத்துகள், ஒன்றின் வாலைப் பிடித்து அடுத்தது வரும் வரிசை, எதிராளி தள்ளாடினால் ஒரு குத்தைக்கூட வீணாக்காத நிதானம்: 1938 ஜூன் 22 அன்று மேக்ஸ் ஷ்மெலிங்கை 124 நொடிகளில் முடித்த படத்தில் இவை எல்லாம் இருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டு பட்டம் வைத்திருந்து 25 முறை காத்தவர். 1940 டிசம்பர் முதல் 1941 ஜூன் வரை மாதம் ஒன்றாக ஏழு பட்டப் போட்டிகள் ஆடியவர். ஆண்டுக்கு இரண்டு சண்டை ஆடும் இன்றைய சாம்பியன்களுக்கு அந்தக் களப்பழக்கம் வாய்க்காது. ஜோஷுவா, டியான்டே வைல்டர் இருவரையும் அவர் வீழ்த்துவார். கிளிச்கோவிடம் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. 2013-இல் லூயிஸின் உயரமே கொண்ட ரஷ்ய வீரர் பொவெட்கினை கிளிச்கோ ஜாபால் தள்ளி, நெருங்கியதும் மேலே சாய்ந்து பிடித்து, பன்னிரண்டு சுற்றும் மூச்சுவிட விடவில்லை. நடுவர் கடைசியில்தான் ஒரு புள்ளி குறைத்தார். அப்படிப்பட்ட நடுவர் கிடைத்தால் கிளிச்கோ, பிடியை உடனே பிரிக்கும் நடுவர் கிடைத்தால் லூயிஸ்.

மார்சியானோவின் ரசிகர்கள், அவர் 1951 அக்டோபரில் லூயிஸை எட்டாம் சுற்றில் வீழ்த்தியதைக் காட்டுவார்கள். அன்று லூயிஸுக்கு 37 வயது, வரிக்கடனை அடைக்க ஆடிக்கொண்டிருந்தார். அப்போதும் தொடக்கச் சுற்றுகளில் அவர் ஜாப் மார்சியானோவைத் தொட்டுக்கொண்டே இருந்தது. 1938-இன் லூயிஸ் என்றால் அந்த ஜாபுக்குப் பின்னாலேயே வலக்கை வந்திருக்கும். 38 வயது ஜெர்சி ஜோ வால்காட் 1952-இல் மார்சியானோவை முதல் சுற்றிலும், மூர் 1955-இல் இரண்டாம் சுற்றிலும் கீழே தள்ளினார்கள்; எழுந்தவரை அவர்களால் முடிக்க இயலவில்லை, லூயிஸ் முடித்திருப்பார். மார்சியானோவின் நெஞ்சுரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வால்காட்டிடம் புள்ளிகளில் பின்தங்கி, பதின்மூன்றாம் சுற்றில் ஒரே வலக்கையால் பட்டத்தைப் பறித்தவர் அவர். ஆனால் ஐந்தடி பத்தரை அங்குலம், 68 அங்குலக் கைவீச்சு, 185 பவுண்டு என்ற அளவில், ஃபியூரியின் மார்புக்கு எட்டுவதற்கே அவர் மூன்று ஜாபுகளை வாங்க வேண்டும், முகம் எளிதில் வெட்டுப்படுகிறவர் வேறு. இன்றைய 200 பவுண்டு குரூசர்வெயிட் வரம்பில், பதினைந்து சுற்று ஆடவிட்டால், அவரை வெல்லக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு என்றால் உச்சத்தில் இருந்த குரூசர்வெயிட் உசிக் புள்ளிகளில் தப்பிவிடுவார்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் அப்பாவுக்காக இன்னும் இரண்டு சண்டைகள். டைசனும் ஃபிரேசியரும் மோதினால் டைசன் சீக்கிரமே வெல்வார், ஏனென்றால் ஃபிரேசியர் சூடேற மூன்று நான்கு சுற்று பிடிக்கும். 1966-இல் ஆஸ்கர் பொனவேனா அவரை இரண்டாம் சுற்றிலேயே இருமுறை கீழே தள்ளியிருக்கிறார். டைசனுக்கும் 1973-இன் ஃபோர்மனுக்கும் என்றால், பந்தயக்காரர்களில் பலர் டைசனின் கை வேகத்தை நம்புவார்கள், நான் ஃபோர்மன் பக்கம். ஜாபைக் குத்தாக இல்லாமல் தள்ளும் கம்பாகப் பயன்படுத்தி, குனிந்து வருகிறவரை நீட்டிய கையால் நிறுத்தி, நிமிரும்போது அப்பர்கட்டை ஏற்றும் அந்த ஆட்டம் டைசன் வரும் வழியிலேயே கிடக்கிறது. மூன்று சுற்றுக்கு மேல் இருவரில் ஒருவர் நிற்கமாட்டார்.